எண்ணெய் நிலையத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



‘பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதி வருக’ என்று மாணவர்களிடம் சொன்னால் என்னென்ன வரும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் வரும். மலாக்காவின் ஸ்டாட்ஹைஸ் வரும். பத்துமலை வரும். எல்லாம் இணையத்திலிருந்து இறக்கிய படங்கள். வெட்டி ஒட்டிய வரிகள். பத்துப் பிள்ளைகளின் ஏட்டைத் திறந்தால் பத்திலும் ஒரே பத்தி இருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. வரலாறு என்பது குவிமாடமும் மணிக்கூண்டும் உள்ள கட்டடங்களுக்கே உரியது என்று பாடநூலும் சுற்றுலா விளம்பரமும் அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லி வைத்திருக்கின்றன.

என் கருத்து வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்ப்பள்ளி மாணவன் ஆராய வேண்டிய கட்டடங்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை பழைய எண்ணெய் நிலையங்களும், பழைய கார் விற்பனை நிலையங்களும், அவற்றின் பின்புறத்தில் இருந்த பட்டறைகளுமே ஆகும். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். “பெட்ரோல் ஊற்றும் இடத்தில் என்ன ஐயா வரலாறு?” என்று வினவக்கூடும். அந்த வினாவுக்கு விடை கூறவே இக்கட்டுரை.

தோட்டத்தின் மறுமுனை

இந்நாட்டுக்குத் தமிழர்கள் பெருந்தொகையாக வந்ததற்குப் பெருங்காரணம் இரப்பர் என்பதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த இரப்பர் எங்கே போயிற்று என்பதைப் படிக்கிறார்களா? 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இரப்பரை வணிகப் பயிராக நட்டனர். 1908இல் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ காரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது; 1927இல் அதன் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்துவிட்டன. ஒவ்வொரு காருக்கும் நான்கு டயர்கள். தேய்ந்தால் மீண்டும் நான்கு. உலகத்தின் சாலைகளில் அந்தச் சக்கரங்கள் உருண்டதனால்தான் சிலாங்கூரின் காடுகள் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் வந்தன. நம் முன்னோர் விடியற்காலையில் பால்வாளியைச் சுமந்தனர்.

அப்படியானால், கோலாலம்பூரில் கண்ணாடி சன்னல்களோடு எழுந்த கார் விற்பனை நிலையம் எது? அது தோட்டத்தின் மறுமுனை. இங்கே மரம் சீவி எடுத்த பால் தாளாகிக் கப்பலேறிக் கடல் கடந்து டயராகித் திரும்பி வந்து நின்ற இடம் அது. அந்தக் காரைத் தோட்டத் துரை வாங்கினார். அதைத் துடைத்தவரும் ஓட்டியவரும் பல இடங்களில் நம்மவர். குதிரை வண்டிக் காலத்தில் குதிரைக்காரனுக்கு வழங்கிய ‘சைஸ்’ என்ற பெயர், குதிரை போய்க் கார் வந்த பின்னும் ஓட்டுநருக்கு நிலைத்துவிட்டது. ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு போக்குவரத்துப் புரட்சி அடங்கியிருக்கிறது. மொழி கற்பிக்கும் நமக்கு இதைவிடச் சுவையான பாடம் வேறு வேண்டுமா?

எண்ணெயின் கதையும் இப்படியே. சாலையோரத்தில் பம்பு வருவதற்கு முன்னர் பெட்ரோல் தகர டின்களில் கடைகளில் விற்கப்பட்டது. நான்கு கேலன் பிடிக்கும் அந்தச் சதுர டின்னை நம் தோட்டப்புற மூதாட்டிகள் நன்கு அறிவர். எண்ணெய் தீர்ந்த டின் தண்ணீர் சுமக்கும் வாளியாயிற்று. அரிசி வைக்கும் பாத்திரமாயிற்று. வீட்டில் முதியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த டின்னுக்கு மரக்கட்டையில் பிடி அடித்த கதை வரும்.

கடைத்தெருவிலிருந்து மாளிகை வரை

நம் நகரத்திலேயே தொடங்கிய ஒரு நிறுவனத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1899இல் கோலாலம்பூரின் ஹை ஸ்திரீட்டில், அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ்.லீயில், சுவா குடும்பத்துச் சகோதரர்கள் ‘பெடரல் ஸ்டோர்ஸ்’ என்ற கடையைத் திறந்தனர். ஜாதிக்காய், சவர்க்காரம் முதலிய பல சரக்குகளை விற்ற கடை அது. பின்னர் மிதிவண்டிகளின் பக்கம் திரும்பிற்று. ‘சைக்கிள் அண்டு கேரேஜ்’ என்று பெயர் பெற்றது. அதன் பின் மோட்டார் சைக்கிள், கார் என வளர்ந்தது. 1951இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களை விற்கும் உரிமையைப் பெற்றது. இன்று பெரிய நிறுவனமாக நிற்கும் அதன் பெயரில் இன்னும் மிதிவண்டியும் குதிரை வண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அதே காலத்தில் சிங்கப்பூரில் 1906இல் வெர்ன் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் ஃபோர்டு கார்களின் முகவராக மலாயா முழுவதும் பெயர் பெற்றது. 1937இல் அந்தக் கார் வணிகர்கள் விமானச் சேவையே நடத்தினர்; சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களுக்கிடையே அவர்களின் சிறு விமானங்கள் பறந்தன. கார்க் கடை என்று நாம் அலட்சியமாகக் கடந்து செல்லும் ஒன்றுக்குள் எவ்வளவு செய்தி!

விடுதலைக்குப் பின்னரும் கதை தொடர்கிறது. 1957இல் கோலாலம்பூரில் தான் சோங் நிறுவனம் தோன்றி டட்சன் கார்களை விற்றது. 1967இல் ஷா ஆலாம், பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா கார் அறிமுகமாயிற்று. 1981இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் பெட்ரோனாஸ் தன் முதல் எண்ணெய் நிலையத்தைத் திறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் நகரத்துக்குப் பெயர்ந்த காலமும் ஏறத்தாழ இதுவே. தோட்டத்தை விட்டு வந்த இளைஞர்களுள் எத்தனை பேருக்கு முதல் வேலை கார்ப் பட்டறையிலும், பொருத்தும் தொழிற்சாலையிலும், எண்ணெய் பம்பின் அருகிலும் கிடைத்தது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் சுற்றத்தாரை எண்ணிப் பார்த்தாலே போதும். இந்தக் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை.

2006ஆம் ஆண்டு தந்த பாடம்

ஜாலான் அம்பாங்கில் ‘போக் ஹவுஸ்’ என்றொரு மாளிகை இருந்தது. சைக்கிள் அண்டு கேரேஜ் நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களுள் ஒருவரான சுவா செங் போக் கட்டியது, 1929இல் நிறைவுற்றது. மிதிவண்டிக் கடையில் தொடங்கியவரின் உழைப்பு பளிங்கும் தூண்களுமாக உருப்பெற்ற கட்டடம் அது. பின்னாளில் பல ஆண்டுகள் ‘லெ கொக் டோர்’ என்ற புகழ்பெற்ற உணவகம் அங்கே இயங்கிற்று. 2006 டிசம்பர் 15ஆம் நாள் அது இடித்துத் தள்ளப்பட்டது.

கவனியுங்கள்: தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டம் பிறந்து பத்து மாதங்கூட முடியாத நிலையில் அந்த மாளிகை விழுந்தது. இடிக்கப்பட்ட பிறகு நாளேடுகளில் பெரும் ஆரவாரம் எழுந்தது. அது மரபுடைமைத் தகுதி உடையதா இல்லையா என்ற வாதம் நடந்தது. கட்டடமே போன பிறகு வாதத்தால் ஆவது என்ன?

நான் இதிலிருந்து கற்பது ஒன்றுதான். சட்டம் எதைக் காக்கும்? பட்டியலில் உள்ளதைக் காக்கும். எது பட்டியலில் ஏறும்? அதைப் பற்றி யாரேனும் ஆராய்ந்து, எழுதி, முன்மொழிந்திருந்தால்தான் ஏறும். அவ்வாறு முன்மொழியும் உரிமையை அச்சட்டம் எவருக்கும் தந்திருக்கிறது. அகலமான தூண்களும் அழகான மாடமும் கொண்ட கோடீசுவரரின் மாளிகைக்கே அந்தக் கதி என்றால், தகரக் கூரையும் இரண்டு பம்பும் உடைய எண்ணெய் நிலையத்துக்கு யார் பரிந்து பேசுவார்?

2014இல் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தர் ஆசிரமத்துக்கு மேம்பாட்டுத் திட்டத்தால் ஆபத்து வந்தபோது நம் சமூகம் திரண்டது; கட்டடம் நிலைத்தது. பாராட்டுக்குரிய செயல். ஆனால், அதே பிரிக்பீல்ட்ஸில் ‘ஹன்ட்ரட் குவாட்டர்ஸ்’ என்று வழங்கிய அரசு ஊழியர் குடியிருப்பு இன்று இல்லை. இரயில்வே பணிமனை இருந்த நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்துவிட்டது. வழிபடும் இடத்துக்குத் திரள்கிறோம். உழைத்த இடத்துக்குத் திரள்வதில்லை. இரண்டும் நம் வரலாறுதான்.

பிறநாட்டார் என்ன செய்கிறார்கள்?

எரித்திரியா நாட்டின் தலைநகர் அஸ்மாரா. இத்தாலியர் ஆட்சியின்போது 1938இல் அங்கே ஜுசெப்பே பெத்தாசி என்ற பொறியாளர் ஓர் எண்ணெய் நிலையத்தைக் கட்டினார். விமானம் போன்ற வடிவம். இரு பக்கமும் 15 மீட்டர் நீளமான கான்கிரீட் இறக்கைகள், கீழே ஒரு தூணும் இல்லாமல் நீண்டு நிற்கின்றன. தாங்குதூண் இல்லாமல் கட்டக் கூடாது என்று அதிகாரிகள் அடம்பிடித்ததாகவும், திறப்பு நாளில் அவர் அவற்றை அகற்றிக் காட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. 2017இல் யுனெஸ்கோ அஸ்மாரா நகரத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்நகரின் அடையாளமாக உலகம் அறிந்திருந்த கட்டடங்களுள் இந்த எண்ணெய் நிலையமும் ஒன்று.

டென்மார்க்கில் கோப்பன்ஹேகனுக்கு வடக்கே ஆர்னே யாகப்சன் 1930களில் வடிவமைத்த எண்ணெய் நிலையம், காளான் குடை போன்ற வட்டக் கூரையோடு இன்றும் காக்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்தில் 1960களைச் சேர்ந்த இரண்டு எண்ணெய் நிலையக் கூரைகள் 2012இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ‘பழைமை’ என்றால் அரண்மனைதான் என்ற எண்ணம் அங்கெல்லாம் மாறிவிட்டது.

அவ்வளவு தொலைவு போவானேன்? பக்கத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள். புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் பொருத்தும் தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷித்தாவிடம் சரணடைந்த ஆவணம் அங்கேதான் கையெழுத்தாயிற்று. 2006இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாம் போக் மாளிகையை இழந்ததும் அதே 2006இல்தான்!

இவை ஏன் விரைவில் மறைகின்றன?

மற்றக் கட்டடங்களைவிட எண்ணெய் நிலையங்கள் விரைவாக அழிவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, அவை சாலை சந்திப்பில், விலைமிக்க முனை நிலத்தில் நிற்பவை. நிலத்தின் விலை ஏறினால் கட்டடம் போய்விடும். இரண்டாவது, சாலை மாறினால் அவற்றின் பிழைப்பே மாறிவிடும். கோலாலம்பூரிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் வண்டிகள் ஒரு காலத்தில் பழைய கிள்ளான் சாலை வழியாகவே போயின. கூட்டரசு நெடுஞ்சாலை வந்த பின் ஓட்டம் திசை திரும்பிற்று. மூன்றாவது, எண்ணெய் நிறுவனங்கள் தம் சின்னத்தையும் கூரையையும் பம்பையும் அடிக்கடி புதுப்பிக்கின்றன. பழையதன் மேலேயே புதியது ஏறிவிடுகிறது. நான்காவது, நிலத்தடித் தொட்டிகளைத் தோண்டி எடுக்காமல் அந்த நிலத்தை வேறு பயனுக்கு விட இயலாது. தொட்டியைத் தோண்டும்போது தளம் முழுவதும் பெயர்ந்துவிடும், சுவடே இராது.

கார் விற்பனை நிலையங்களின் நிலை சற்று மேல். அவை கடைவீடுகளாகவோ அங்காடிகளாகவோ மாறி உயிர் பிழைப்பதுண்டு. வழக்கத்துக்கு மாறாக அகன்ற முகப்பு, பெரிய கண்ணாடி வைக்க ஏற்ற திறப்பு, தூண்களுக்கிடையே கார் திரும்பத்தக்க இடைவெளி, தெருவிலிருந்து படியின்றி உள்ளே ஏறும் சரிவு, பின்பக்கம் பட்டறைக்குச் செல்லும் வழி ஆகியவற்றை ஒரு பழைய கட்டடத்தில் கண்டால், “இங்கே ஒரு காலத்தில் கார் விற்றிருப்பார்களோ?” என்று ஐயுறலாம். அந்த ஐயமே ஆராய்ச்சியின் தொடக்கம்.

மாணவர்கள் எப்படி ஆராய்வது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடமே தன்னை, குடும்பத்தை, பள்ளியை, குடியிருப்புப் பகுதியை அறிவதில்தான் தொடங்குகிறது. அதையொட்டிச் சில வழிகளைக் கூறுகிறேன்.

1. வீட்டுப் படத்தொகுப்பு. திருமணத்துக்குப் போகும் வழியில் எடுத்த படம், புதுக் கார் வாங்கிய நாளில் எடுத்த படம் ஆகியவற்றின் பின்புறத்தில் எண்ணெய் நிலையம் தெரியக்கூடும். முகங்களை மட்டும் பார்க்காமல் பின்னணியைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

2. வண்டி எண். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் எண்கள் அதன் பிறகே வந்தன; அதற்கு முன் கோலாலம்பூர் வண்டிகளும் சிலாங்கூரின் ‘பி’ எழுத்தையே தாங்கின. படத்தில் ‘டபிள்யூ’ எண் தெரிந்தால் அது 1974க்கு முற்பட்டது அன்று.

3. பெயர்ப்பலகையின் எழுத்து. மலாய் மொழியின் எழுத்துக்கூட்டல் 1972 ஆகஸ்டில் சீர்திருத்தப்பட்டது. பழைய எழுத்துக்கூட்டலில் அமைந்த பலகை பெரும்பாலும் அதற்கு முற்பட்டதாக இருக்கும். தமிழ்ப் பலகையாயின் இன்னும் எளிது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் இங்கும் அது பரவிற்று. ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள் துதிக்கை போன்ற பழைய கொம்போடு எழுதப்பட்டிருந்தால் அந்தப் பலகைக்கு அகவை அதிகம். எழுத்து வரலாற்றையும் அதே நேரத்தில் கற்பித்துவிடலாம்.

4. நிறுவனத்தின் பெயர். ‘பிபி’ நிலையங்கள் 2000களின் நடுப்பகுதியில் பௌஸ்டெட் குழுமத்தின் கைக்கு மாறி ‘பிஎச்பெட்ரோல்’ ஆயின. ‘புரோஜெட்’ நிலையங்களை 2007இல் ஷெல் வாங்கிற்று. ‘எஸ்ஸோ’, ‘மோபில்’ நிலையங்களைப் பிலிப்பீன்ஸின் சான் மிகுவெல் நிறுவனம் 2012இல் வாங்கி ‘பெட்ரோன்’ ஆக்கியது. இன்றைய பன்னிரண்டு அகவைப் பிள்ளை எஸ்ஸோவின் புலிச் சின்னத்தைச் சாலையில் கண்டிருக்க வாய்ப்பில்லை. பெற்றோரைக் கேட்டால் உடனே நினைவுகூர்வர்.

5. சாலையின் பழைய பெயர். ஜாலான் துன் சம்பந்தன் முன்னர் பிரிக்பீல்ட்ஸ் சாலை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் முன்னர் பத்து சாலை. ஜாலான் சுல்தான் இஸ்மாயில் முன்னர் திரேச்சர் சாலை. பழைய விளம்பரத்தில் உள்ள முகவரியை இன்றைய இடத்தோடு பொருத்த இது தெரிந்திருக்க வேண்டும்.

6. பழைய நாளேடுகள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மலாயாவின் பழைய நாளேடுகளை மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. கார் விளம்பரங்கள் அவற்றில் ஏராளம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அங்கே காணலாம். கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுவிட்டது. அதன் பழைய தாள்கள் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் அரசுச் செயலகத்தின் பழைய கோப்புகளும் உள்ளன. உயர்நிலைப்பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லலாம்.

7. நேர்காணல். இதுவே தலையாயது, இதையே முதலில் செய்ய வேண்டும். தாளும் கோப்பும் காத்திருக்கும். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். “எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள், தாத்தா? பம்பைக் கையால் சுழற்ற வேண்டுமா? கேலன் கணக்கா, லிட்டர் கணக்கா? சீருடை யார் கொடுத்தார்கள்? சம்பளம் வாரத்துக்கா, மாதத்துக்கா? முதலாளியோடு எந்த மொழியில் பேசினீர்கள்?” இப்படிச் சிறு சிறு கேள்விகளாகக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒன்றும் வராது.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் நிலையம் விளையாட்டுத் திடல் அன்று. நடத்துநரின் இசைவு பெற்று, பெரியவர்களின் துணையோடு மட்டுமே பிள்ளைகள் செல்ல வேண்டும். படம் எடுப்பது சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தே நடக்கட்டும்.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிற்க. இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது நம் மனத்தில் இருக்கிறது.

குடும்ப மரம் வரையும் பாடத்தில் ஒரு மாணவன் தன் தாத்தாவின் தொழில் ‘வியாபாரம்’ என்று எழுதியிருந்தான். என்ன வியாபாரம் என்று கேட்டபோது விழித்தான். பிறகு தெரிந்தது: தாத்தா பழைய கிள்ளான் சாலையில் எண்ணெய் ஊற்றும் வேலையில் நெடுங்காலம் இருந்தவர். ‘வியாபாரம் என்று போட்டுவிடு’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாயை நான் குறை கூற மாட்டேன். பிள்ளையை வகுப்பில் எவரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்ற தாயுள்ளம் அது. நம் சமூகத்தில் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லால் என்ன நேர்கிறது? வெயிலிலும் மழையிலும் நின்று, எண்ணெய் நெடியைச் சுவாசித்து, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு மனிதர் தம் சொந்தப் பேரனின் ஏட்டிலிருந்தே அழிக்கப்படுகிறார். நாடு நம் உழைப்பை மறந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். நாட்டைக் கேட்பதற்கு முன் நம் வீட்டு ஏட்டில் அவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாமா? வண்டிக்காரர்களே இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் முறை வந்து அந்தத் தொழிலே அருகிவிட்டது. அதைச் செய்தவர்கள் இன்று எழுபது, எண்பது அகவையில் இருக்கிறார்கள். கட்டடம் இடிந்தால் படமாவது மிஞ்சலாம். அவர் நினைவு அவரோடு போய்விடும்.

“தேர்வுக்கு உதவாத இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று சில பெற்றோர் கேட்பர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வைக் காரணம் காட்டி நாம் ஒதுக்கி வைத்த பணிகளுக்கு இப்போது இடம் உண்டு. தவிர, ஒரு படத்தைப் பார்த்து ஆண்டை ஊகித்து, அதற்குச் சான்று காட்டி, முதியவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு எழுத்துத் தமிழில் வரையும் பிள்ளை, வரலாற்றோடு மொழித் திறனையும் வளர்த்துக்கொள்கிறது. வெட்டி ஒட்டிய கட்டுரையில் இது நடக்குமா?

“எல்லாப் பழைய எண்ணெய் நிலையங்களையும் காப்பாற்ற முடியுமா?” என்றும் கேட்பர். முடியாது, தேவையும் இல்லை. நகரம் வளர வேண்டும். கசியும் பழைய தொட்டி அகற்றப்பட வேண்டும். பதிவு செய்தலும் பாதுகாத்தலும் வெவ்வேறு. நூறு கட்டடங்களைப் பதிவு செய்தால் அவற்றுள் காக்கத்தக்கவை எவை என்பது விளங்கும். பதிவே இல்லையென்றால் எல்லாம் ஒன்றுபோல் குப்பையாகத்தான் தெரியும்.

ஆகவே, என் வேண்டுகோள் இது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்தில் ஒரு பழைய எண்ணெய் நிலையத்தையோ, கார் விற்பனை நிலையத்தையோ, பட்டறையையோ எடுத்துக்கொள்ளட்டும். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் ஜாலான் துன் சம்பந்தனிலும், கிள்ளான் பிள்ளைகள் ஜாலான் தெங்கு கிளானாவைச் சுற்றியும் தொடங்கலாம். இடம், சாலையின் பழைய பெயரும் புதிய பெயரும், நிறுவனப் பெயர்கள் மாறிய வரிசை, இரண்டு மூன்று படங்கள், அங்கே உழைத்த ஒருவரின் நேர்காணல். மொத்தம் நான்கு பக்கம் போதும். ஒரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். ஒரு படி அந்த முதியவரின் வீட்டுக்குப் போகட்டும். தகுதியுள்ள கட்டடம் என்று தோன்றினால் ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து மரபுடைமைத் துறைக்கு முன்மொழியலாம்.

பெற்றோர்களுக்குத் தனியே ஒரு சொல். இந்த வாரக் கடைசியில் உங்கள் தந்தையாரையோ மாமனாரையோ காரில் ஏற்றிக்கொண்டு அவர் வேலை செய்த இடத்தின் வழியாக ஒருமுறை செல்லுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நின்றாலும் பரவாயில்லை. பம்பு எங்கே இருந்தது, கல்லாப்பெட்டி எங்கே இருந்தது, மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்பதை அவர் கைநீட்டிக் காட்டுவார். பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.